வசனம்: பொன்னம்பலம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, சார். குறையாகச் சொல்லவில்லை. என் வயதில் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட வேண்டியதுதான். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கதிரவனை உள்ளே வைத்துப் பூட்டியது நான்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைத்தான் ஒருவரும் பொறுமையாகக் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

சிதம்பரம் கீழ வீதியில் என்னைக் கதைவிடும் பொன்னம்பலம் என்பார்கள். கடலூரில் வெள்ளம் வந்தபோது செம்மண்டலத்திலிருந்து உங்கள் மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும் ஒரு ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து மிதந்து வந்தவன் நான். வழியில் ஒரு கன்றுக்குட்டியையும் ஒரு பேங்க் மேனேஜரையும் ஏற்றிக்கொண்டேன். கன்றுக்குட்டி அமைதியாக வந்தது. முதல் தடவை சொன்னபோது இது பொய்தான், சார். இப்போது அந்த ஃபிரிட்ஜின் சில்லிப்பு என் தொடையில் நினைவிருக்கிறது. ஒன்றை அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தால் அது நடந்துவிடும். அதற்குத்தான் நம்பிக்கை என்று பேர்.

அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ‘ஐயமிலி ஐவர்’ படக்கதையைத் தொடங்கினேன். ஆனி மாதம் எங்கள் வீதிகளில் ஐந்து தேர் ஓடுகிறதே, அதுபோல ஐந்து வீரர்கள். ஒருத்தி கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள். ஒருவன் முதுநகர் மாதா கோயிலில் மணியடிக்கிறவன். ஒருவர் பரங்கிப்பேட்டையில் அத்தர் விற்கிற பாய். இப்படி ஆளுக்கொரு சாமி. ஆனால் எல்லோருக்கும் விதி ஒன்றுதான். மனதில் துளி சந்தேகம் வந்தாலும் சக்தி போய்விடும். பறந்துகொண்டிருக்கும்போது வந்தால் விழ வேண்டியதுதான்.

அவர்களுடைய எதிரி மூடுகதவுச் சபை. வெறி பிடித்த கூட்டம். கேள்வி கேட்கிறவனை ஓர் அறையில் போட்டுப் பூட்டி, கேள்வி சாகிற வரைக்கும் காத்திருப்பார்கள். சில நேரம் கேள்விக்கு முன்னால் ஆள் செத்துப்போவான். படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்தச் சபையைக் கண்டால் ஆகாது. எனக்கும் ஆகாது.

படம் வரைந்தது கதிரவன். மங்கலம்பேட்டைக்காரன், கல்யாணமாகிச் செம்மண்டலத்தில் குடியிருந்தான். எனக்கு உறவில்லை, ஆனாலும் வாய் நிறைய மாமா என்பான். படத்தை முடித்து, பேசுகிறவர் வாயருகே குமிழியைப் போட்டு, உள்ளே வெறுமையாக விட்டுக் கொடுப்பான். அதை நிரப்புவது நான். அவன் குமிழிக்குள் ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை. உனக்கு எழுத வராது என்று நானே பலபேர் முன்னால் சொல்லி வைத்திருந்தேன்.

தேரோட்டத்துக்குள் வெளிவர வேண்டிய கடைசி இதழில்தான் தகராறு வந்தது. ஐவரும் சபையை வென்று, சபைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு குகைக்குள் தள்ளி, நம்பிக்கை வரும்வரை அடைத்து வைப்பதாக எழுதியிருந்தேன். கதிரவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“இத நான் வரைய மாட்டேன் மாமா.”

“ஏன்டா, கை வலிக்குதா?”

“அவுங்க பண்ணதயேதான நம்ம ஆளுங்களும் பண்றாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு கலர் டிரெஸ்ஸு? எல்லாருக்கும் ஒரே கலர் அடிச்சிட்டுப் போறேன், மையாச்சும் மிச்சமாவும்.”

“வேற என்ன பண்ணணுங்கற?”

“பூக்காரி கதவத் தொறந்து வுடட்டும். நாம பண்றது சரியான்னு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும்.”

“சொன்னா அவ சக்தி போயிடும்டா.”

“போனா போவட்டும். நடந்து போவா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வசனம். ஆனால் வசனம் என் வேலை.

இதழ் முடிகிறவரை அவன் தங்கி வரைகிற என் வீட்டு மாடி அறை, முன்பு குடியிருந்தவர்கள் பாட்டுப் பதிவு செய்த அறை. சன்னல் கிடையாது. சுவரெல்லாம் மெத்தை. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே சுவர்க்கடிகாரத்தின் சத்தம்தான் கேட்கும். அவனுடைய போன் வெளியே சார்ஜில் கிடந்தது. அவன் தாள் எடுக்க உள்ளே போனான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். உங்கள் ஸ்டேஷனில் இந்த அறைக்கு இருப்பது போலவே அதற்கும் தாழ்ப்பாள் வெளியேதான். சந்தேகம் தெளிந்ததும் திறக்கிறேன் என்று கதவுக்கு அடியில் ஒரு சீட்டைத் தள்ளினேன். இதுவும் சபை செய்ததும் ஒன்றல்ல, சார். அவர்களுடைய அறையில் மின்விசிறி கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு தாள் வந்தது. பூக்காரி ஒரு கதவை உதைக்கிறாள். என்ன வேகம் அந்தக் காலில். குமிழிக்குள் அவனே எழுதியிருந்தான்: ‘மாமா, வெளாட்டு போதும். தொறங்க.’ எங்கள் வீரர்கள் கொச்சையாகப் பேச மாட்டார்கள். வெள்ளை மையால் அதை அழித்துவிட்டு, ‘எந்தக் கதவும் என் உறுதியை அடைக்காது’ என்று எழுதினேன். படத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் வந்ததில் ஒரு தண்ணீர் பாட்டில் தலைகீழாக இருந்தது. ஒரு சொட்டும் இல்லை. குமிழியில் ‘தண்ணி’ என்று மட்டும் இருந்தது. ‘தாகம் உடலுக்குத்தான், எனக்கில்லை’ என்று திருத்தினேன். மூன்றாம் இதழிலேயே மணியடிப்பவன் தண்ணீரில்லாத கிணற்றுக்குள் ஒரு கோடைக்காலம் முழுக்க இருந்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?

அடுத்த தாளில், ‘நீங்க சொன்னதே சரி மாமா. எனக்குச் சந்தேகமே இல்ல’ என்று இருந்தது. அதைப் படித்ததும் தாழ்ப்பாளில் கை வைத்தேன், சார். அப்புறம்தான் யோசித்தேன். பயத்தில் சொல்வது நம்பிக்கையாகுமா? அதை ஏற்றுக்கொண்டு திறந்தால் அவனை ஏமாற்றியது போலாகாதா? கையை எடுத்துவிட்டேன். அதன்பிறகு கோடுகள் நடுங்கத் தொடங்கின. புதுப் பாணி என்று நினைத்தேன். பாராட்டி ஒரு சீட்டும் தள்ளினேன்.

அவன் மனைவி சத்யப்பிரியா தினமும் கூப்பிடுவாள். வேலையில் மூழ்கிவிட்டான் என்பேன். தேரன்று காலையிலும் கூப்பிட்டாள்.

“மாமா, அவுருகிட்ட போனக் குடுங்க. சாப்ட்டாரான்னாச்சும் கேக்கறேன்.”

“பசியே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாம்மா.”

அது பொய்யில்லை. அவன் படத்துக்கு அந்த வசனத்தை அப்போதுதான் எழுதியிருந்தேன், மை காயாத தாள் என் கையில் இருந்தது.

“எழுதிக் குடுத்தாரா? அவுருதான் எழுதவே மாட்டாரே மாமா. நீங்கதான எல்லாத்தயும் எழுதுவீங்க.”

போனை வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. தேர்க்கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். அங்கிருந்து ஓடி, கூட்டத்துக்குள் முண்டி, ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் மாடியேறும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கதவை உடைக்கக் கம்பியெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். தேவைப்படவில்லை. தாழ்ப்பாள் ஒரு விரலுக்கே திறந்தது. கதிரவன் கதவருகில், வாயைத் தரையிடுக்கில் வைத்தபடி கிடந்தான். உயிர் இல்லை.

கொன்றாயா என்று கேட்டீர்கள். பூட்டினேன், தண்ணீர் கொடுக்கவில்லை, அவன் கேட்டதையெல்லாம் அழித்தேன், அவன் செத்தான். இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பேரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சபையோடு மட்டும் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

சாகும்போது என்ன சொன்னான் என்றும் கேட்டீர்கள். கடைசியாக வந்த தாள் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. அதில் படமே இல்லை. கோணல்மாணலாகச் சில கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழி, உள்ளே வெறுமை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய வழக்கத்துக்குத் திரும்பி, வசனத்தை என்னிடமே விட்டுவிட்டானே. எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைதான் எழுதினேன்: ‘ஐயமில்லை.’

அவன் சொன்னதாகவே பதிவு செய்யுங்கள், சார். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.