முட்டை அட்டையில் ஒரு நாவல்

ஷாலினி: சார்ட்டு கொண்டாரச் சொன்னா முட்டை அட்டையத் தூக்கிட்டு வந்திருக்கற.

யுவஸ்ரீ: கதைய கண்ணால பாக்கற மாதிரி வெளக்கோணும்னு நீங்கதானுங்க மிஸ் சொன்னீங்க. சார்ட்டு எல்லாருந்தான் கொண்டாருவாங்க.

ஷாலினி: சரி… ஒம்பதாம் கிளாஸ்ல மத்தவங்கெல்லாம் சொல்லிட்டாங்க, நீதான் கடைசி. சொல்லு. நீயா எடுத்துப் படிச்ச நாவல் எது?

யுவஸ்ரீ: அட்டை கிழிஞ்ச பொஸ்தகமுங்க மிஸ். பேரு தெரியல.

ஷாலினி: எழுதினவங்க?

யுவஸ்ரீ: அதும் அட்டைலதானுங்க இருந்திருக்கும்.

ஷாலினி: ம்… வெவரமாத்தான் கிழிஞ்சிருக்குது.

யுவஸ்ரீ: கதை பூரா இருக்குதுங்க மிஸ். இங்க பாருங்க, குழிக்கு ஒரு முட்டை ஓடு, ஓட்டுக்கு ஒரு ஆளு. மீசை வரைஞ்சிருக்கறது ஹீரோ. நாமக்கல்லுல முட்டை லோடு ஏத்தி கேரளாவுல எறக்கற வண்டி ஓட்டறாரு.

ஷாலினி: கண்ணாடி போட்ட ஓடு?

யுவஸ்ரீ: ஹீரோயின். டீச்சருங்க.

ஷாலினி: … கண்ணாடி ஏன் இத்தாம் பெருசு?

யுவஸ்ரீ: கதைல அப்புடித்தானுங்க போட்டிருந்துச்சு.

ஷாலினி: ம். மேல சொல்லு.

யுவஸ்ரீ: ரெண்டு ஊட்டுலயும் பேசி, முடிவாகற நேரம். மாரியம்மன் கோயில்ல பூ கேக்கறாங்க. ரெண்டு பொட்டலம். ஒண்ணுல வெள்ளை அரளி, இன்னொண்ணுல செவ்வரளி. வெள்ளை வந்தா சாமி சரிங்குது. செவப்பு வந்தா…

ஷாலினி: வேண்டாம்ங்குது. தெரியும், எங்கூட்டுலயும் கேப்பாங்க.

யுவஸ்ரீ: ஹீரோவோட அக்கா புள்ளைதான் பொட்டலத்த எடுக்குது. செவப்பு. அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சுங்க.

ஷாலினி: அப்ப இந்தக் கொம்பு மொளைச்ச ஓடு?

யுவஸ்ரீ: அந்தப் புள்ளைதானுங்க. வில்லி.

ஷாலினி: அது என்ன பண்ணும் பாவம். கைக்கு வந்தத எடுத்துச்சு.

யுவஸ்ரீ: அப்புடின்னு ஊட்டுல யாரு சொல்றாங்க. ‘உன்ற ராசியான கை’ன்னு இன்னும் குத்திக் காட்டறாங்க மிஸ். பொங்கப் பானையக்கூட அது தொட்டா வெடுக்குனு புடுங்கிக்கறாங்க.

ஷாலினி: … யுவா. இந்த மாதிரி நாவல் நம்ம லைப்ரரில இல்ல. அலமாரி பூரா நான் அடுக்கினது.

யுவஸ்ரீ: மிஸ்…

ஷாலினி: படிச்சியா, இல்லியா?

யுவஸ்ரீ: இல்லீங்க மிஸ்.

ஷாலினி: வாராவாரம் நானே உனக்கு ஒரு நாவல் எடுத்துக் குடுத்தனே.

யுவஸ்ரீ: அதுல ஒண்ணக்கூட நான் தொடலீங்க. அம்புட்டும் எங்க தீனா மாமா படிச்சதுங்க. லோடோட செக்போஸ்ட்டுல வண்டி நிக்கறப்ப படிப்பாங்களாம். வேலை முடிஞ்சு வந்ததும், ‘அடுத்தது எங்க சாமி’ன்னு என்ற பையத் தொழாவறாங்க. சைபர் போட்டுறாதீங்க மிஸ்.

ஷாலினி: தெரியும்.

யுவஸ்ரீ: எது மிஸ்?

ஷாலினி: திரும்பி வர்ற பொஸ்தகத்துல எல்லாம் அடையாளத்துக்கு முட்டை அட்டைத் துண்டு கெடக்குது. அப்பறம்… ஒம்பதாவது படிக்கற புள்ளைக்கு எவளாச்சும் செங்கல் கனத்துல நாவல் எடுத்துக் குடுப்பாளா?

யுவஸ்ரீ: அப்ப அதெல்லாம்… மாமாவுக்காங்க மிஸ்?

ஷாலினி: பேச்ச மாத்தாத. இந்தக் கடைசிக் குழி ஏன் காலியா கெடக்குது?

யுவஸ்ரீ: அது கிளைமாக்ஸுங்க. வெள்ளிக்கெழமை மல்லசமுத்திரத்துல வேற பொண்ணு பாக்கப் போறாங்க. மாமா புதுச் சட்டைகூட எடுக்கல, கம்முனு மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருக்கறாங்க. அதுக்குள்ள அந்தக் குழில என்ன வெக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.

ஷாலினி: உங்க மாமா கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?

யுவஸ்ரீ: அவங்களா? இது தெரிஞ்சா வண்டிக்கு அடில போயி ஒளிஞ்சுக்குவாங்க.

ஷாலினி: … சாமியே வேண்டாம்னு சொல்லிருச்சே யுவா. அதுக்கு மேல யாரு பேசறது?

யுவஸ்ரீ: நீங்க நடுவுல இருக்கற ரெண்டு குழியப் பாக்கவே இல்லீங்களே.

ஷாலினி: ரெண்டு ஓடு… ரெண்டும் செவப்பு.

யுவஸ்ரீ: எல்லாரும் வெளிய போனதுக்கப்பறம், நான் எடுக்காத பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தேனுங்க மிஸ். அதுலயும் செவ்வரளிதான். பொட்டலம் உங்கூட்டுல இருந்துதான் கட்டி வந்துச்சுங்க.

ஷாலினி: … யாராச்சும் அவசரத்துல மறந்தாப்புல கட்டியிருப்பாங்க. நீ இத யாருகிட்டயாச்சும் சொன்னியா?

யுவஸ்ரீ: இல்லீங்க. ரெண்டு வருசமா கொம்பு எனக்குத்தான்.

ஷாலினி: இப்புடி யோசிச்சுப் பாரு… ஹீரோயினுக்கு அப்பத்தான் ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கும். கல்யாணம் ஆனா வேலைய உட்ரோணும்னு ஹீரோ ஊட்டுல சொல்லியிருப்பாங்க. அந்த ஹீரோ ஒரு வார்த்தை பேசாம, குனிஞ்ச தலை நிமிராம முறுக்குத் தின்னுட்டு இருந்திருப்பாரு. அவளுக்குப் பத்திக்கிட்டு வந்திருக்கும்.

யுவஸ்ரீ: இப்ப பேசறாருங்க மிஸ். போன வாரம் ஊட்டுல ஒரே சண்டை. ‘வேலைக்குப் போற பொண்ணா இருந்தாச் சொல்லுங்க, இல்லீன்னா ஆள உடுங்க’ன்னுட்டாங்க. அந்தச் செங்கல் கனத்து நாவலப் படிச்சு முடிச்ச அன்னைக்குத்தான்.

ஷாலினி: … நெசமாவா?

யுவஸ்ரீ: மாரியம்மன் சத்தியமாங்க.

ஷாலினி: அந்தக் கொம்ப மொதல்ல அழி.

யுவஸ்ரீ: அழிச்சுட்டு யாருக்கு மாட்டட்டுங்க?

ஷாலினி: யாருக்கும் மாட்ட வேண்டாம், வாய மூடு.

யுவஸ்ரீ: மார்க்குங்க மிஸ்?

ஷாலினி: இல்லாத நாவலுக்கு மார்க்கா? ஒரு பொஸ்தகத்த நீயே ஒழுங்காப் படிச்சுட்டு வா. முட்டை அட்டைலயே பண்ணு, அது நல்லாத்தான் இருக்குது.

யுவஸ்ரீ: அப்ப இந்தக் கிளைமாக்ஸு?

ஷாலினி: வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி, இன்னொருக்கா பூ கேட்டுப் பாக்கலாம்னு உங்கம்மாவ எங்கம்மாகிட்ட ஒரு போன் போடச் சொல்லு.

யுவஸ்ரீ: அய்யோ மிஸ், திரும்பவும் என்னையத்தான் எடுக்கச் சொல்லுவாங்க. மறுக்காவும் செவப்பு வந்துச்சுன்னா எனக்கு ஊட்டுல சோறே கெடையாதுங்க.

ஷாலினி: நீ எத வேணாலும் எடு சாமி. இந்தவாட்டியும் பொட்டலம் கட்டறது நான்தான்… ரெண்டுலயும் வெள்ளை.