மினி பஸ்ஸில் மயங்கிய குஞ்சு

"மெதுவாப் பேசுங்க மதினி, இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

பெரியபட்டினம் போகும் மினி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், கைக்குழந்தையாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். மடியில் துண்டுக்குள் கிடந்தது நேற்றுப் பொரிந்த கோழிக்குஞ்சு.

"தாய்க்கோழி கொத்தி வெரட்டுது மதினி. அதான் வேலைக்குக் கையோட கொண்டு போறேன்."

பக்கத்தில் இருந்த மதினி குனிந்து பார்த்தாள். "அடியே, இது தூங்கல, மயங்கிருச்சு. தலை தொங்குது பாரு!"

"அய்யய்யோ! இப்ப என்ன செய்ய?"

"சட்டியக் கவுத்து மேல தட்டுனா முழிச்சுக்கிரும்."

"பஸ்ல சட்டிக்கு எங்க போறது?"

"உன் சோத்து டப்பா இருக்குல்ல?"

"உள்ள புளிச்சோறு இருக்கே!"

"மூடியில கொட்டு. சோறு பெருசா, உசுரு பெருசா?"

சோறு மூடிக்கு மாறியது. குஞ்சைச் சீட்டில் வைத்து எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, மதினி டங் டங்கென்று தட்டினாள். இறங்குகிறவர்கள் தகரத்தைத் தட்டி நிறுத்தும் பஸ் அது. நின்றுவிட்டது.

டிரைவர் திரும்பினார். "எறங்குறது யாரு?"

டப்பாவுக்குள்ளிருந்து "கீச்" என்று பதில் வந்தது.

"எறங்கலண்ணே," என்றாள் குஞ்சுக்காரி. "இப்பத்தான் எந்திரிச்சிருக்கு. நீங்க போங்க."