வியாழக்கிழமை வரை வாய் திறக்கக்கூடாது

“ஹலோ... சொல்லுக்கா... ஆமா, ஆமா, ஆபீஸ்லதான்... இல்லல்ல, பேசலாம், சொல்லு... என்னது? வேண்டாம்னு சொல்லப்போறீங்களா? எதை, ஆஸ்பத்திரி அறையையா?”

விமான நிலைய மேலாளர் எழுந்துபோய்த் தன் அறைக்கதவைச் சாத்தினாள். அக்கா மகளுக்கு ரத்தத்தில் நோய். வாராவாரம் இங்கிருந்துதான் சின்ன விமானத்தில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கிக்கொள்ள ஓர் அறை இப்போதுதான் காலியாகியிருந்தது. இன்று மதியத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அது வேறொரு குழந்தைக்குப் போய்விடும்.

“அக்கா, அவசரப்படாத... புரியுது. பெரியவன் ஸ்கூலு, மாமா கடை, எல்லாம் புரியுது... ஆமா, ஆளுக்கொரு பக்கமா இருக்கணும்தான்... ஆமாக்கா... அய்யோ, ‘நீ அங்க இருக்கறப்ப எங்களுக்கென்ன கவலை’ன்னு மட்டும் சொல்லாத.”

இந்த விமான நிலையத்தை நடத்துவது பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனி. இதே மாதிரி இன்னும் சில சின்ன விமான நிலையங்களும் அதன் கையில் உண்டு. இதை மட்டும் இந்த மாதத்தோடு இழுத்து மூடப்போகிறோம் என்று காலையில்தான் தலைமை அலுவலகம் அவளிடம் சொல்லியிருந்தது. வியாழக்கிழமை முறைப்படி அறிவிக்கும்வரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக்கூடாது. விட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா... அறையை இப்ப எடுத்து வச்சுக்கோ. பிடிக்கலைன்னா அப்புறம் விட்டுடலாம்... காரணமா? காரணம் என்ன... மழைக்காலம் வருது, விமானம் ஒழுங்கா வராது... போன வருஷம் வந்துச்சு, சரி... அக்கா, கத்தாத. நான் எதுக்கு உங்களைத் துரத்தணும்?... என்ன பேச்சு பேசற நீ! குட்டி எனக்கு மட்டும் யாரோவா?... பஸ்ஸுல போனா அவ தாங்கமாட்டான்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு மலைப்பாதையில வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டப்ப யார் மடியில கிடந்தா?... ஹலோ... அக்கா, வச்சிடாத! வச்சிடாத... கேளு.”

ஜன்னலுக்கு வெளியே, ஓடுபாதை ஓரமாக இரண்டு பேர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் தெரியாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மூடறாங்கக்கா... இங்கதான், இந்த இடத்தைத்தான். இந்த மாசத்தோட... ஆமா, விமானமே வராது... விளையாடற விஷயமா இது?... யார்கிட்டயும் சொல்லிடாத. வியாழக்கிழமைக்கு முன்னாடி வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்... அழாத. அழுறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு... என்ன சத்தம்? யாரு பக்கத்துல?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?... மாமா கேட்டுட்டாரா?”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கம்பெனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு விட்டபோது, ‘நம்ம ஊரு விமான நிலையம்’ என்று பெருமை பேசி வாங்கியவர்களில் மாமாவும் ஒருவர். கடையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில்தான் கிடந்தது.

“மாமா... ஆமாங்க மாமா... தெரியும், நாயா உழைச்சுச் சேர்த்தது... விலை விழும்தான், நான் இல்லைங்கல... ஆனா இன்னைக்கு வித்தீங்கன்னா நான் சொல்லித்தான் வித்தீங்கன்னு ஆயிடும், அது குத்தம். உங்களையும் விடமாட்டாங்க, என்னையும் விடமாட்டாங்க... யாரு கண்டுபிடிக்கப்போறாங்களா? மச்சினிச்சி இங்க மேனேஜர், மாமா அறிவிப்புக்கு முன்னாடி வித்திருக்காரு. இதைக் கண்டுபிடிக்கத் தனியா மூளை வேணுமா?... உங்க தம்பிக்கும் சொல்லப்போறீங்களா! வேண்டாம் மாமா, கால்ல விழறேன்... சரி, அது கிடக்கட்டும். முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை... மாமா? அக்காகிட்ட குடுங்க... ஹலோ!”

வைத்துவிட்டார்.

திரும்ப அழுத்தினாள். பிஸி. மறுபடியும் பிஸி. அக்காவின் போனும் இப்போது அவர் கையில்தான். பங்குகளை விற்கச் சொல்லித்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது தடவை வேறு எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ, ஆஸ்பத்திரிங்களா?... அந்தத் தங்குற அறை விஷயமா... ஆமாங்க, அந்தக் குழந்தைக்குத்தான்... வேணும்ங்க. எங்களுக்கு வேணும்... அம்மா இல்லைங்க, சித்தி... அப்பாவா? அப்பா வேற போன்ல இருக்காரு... இல்லைங்க, மாத்திச் சொல்லமாட்டோம்... எழுதிக்கிட்டீங்களா?... சரிங்க. சரிங்க.”

போனை வைத்தாள். மாமா விற்றது எப்படியும் ஒருநாள் தெரிந்துவிடும். அவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும்வரை காத்திருக்க அவளால் முடியாது. தலைமை அலுவலகத்து எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ... ஆமா சார், நான்தான்... இல்ல சார், இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குது... காலையில சொன்னீங்களே, அந்த விஷயம்... ஆமா... இல்ல, ஊழியர்கள் யாருக்கும் தெரியாது... நான்தான் சார். எங்க வீட்டுல சொல்லிட்டேன்... ஆமா, வேணும்னேதான் சொன்னேன்.”