தாங்கு குரலின் ஓய்வு

தாங்கு குரல் பாடுகிறவனுக்கு வேலை குறைவு, ஐயா. மற்ற மூவரும் ஏறி இறங்கி ஓடுவார்கள். நான் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நடுவில் நெடுநேரம் சும்மா இருக்கவும் வேண்டும்; அதை ஓய்வு என்போம். கேன்ட் நகரத் தேவாலயத்தில் இந்த வேலையைச் செய்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

என் தம்பி லீவன் பாட்டு இயற்றுகிறவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். காய்ச்சலில் படுத்தபோது, தன் கடைசி மூச்சுக்கென்றே ஒரு லத்தீன் மோட்டெட் எழுதினான். மாதாவிடம் நான்கு குரல்கள் மன்றாடும் பாட்டு.

“அண்ணா, உயிர் போற நேரத்துல இது காதுல விழாம நான் போயிடக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

இரண்டு முறை அவன் மூச்சு இழுத்தது. இரண்டு முறையும் பாடகர்கள் ஓடிவந்து பாடினார்கள்; இரண்டு முறையும் பிழைத்துக்கொண்டான்.

“பெரியவரே, உங்க தம்பி சாகறதுக்குள்ள எங்க தொண்டை செத்துடும்போல,” என்றான் மேல்குரல் பாடும் வௌட்டர்.

“உன் தொண்டை எப்பவோ செத்துப்போச்சுடா,” என்றான் லீவன், கண்ணைத் திறக்காமலே. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு ஆயர் ரோமுக்குப் புறப்படுவதாகச் செய்தி வந்தது. பாடகர்களும் மறுநாள் காலையில் அவருடன் போகிறார்கள். இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் விடுப்பு கேட்டிருந்தேன். தனிக்குரலில் மோட்டெட் பாட முடியாது, ஐயா. அன்று நடுப்பகலில் மூவரையும் வரச் சொன்னேன்.

அன்று காலை லீவனுக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது. பியர் ஊற்றிக் காய்ச்சிய கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தான். “பாட்டு இன்னைக்கு வேண்டாம், அண்ணா. அவங்க திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாம்,” என்றான். போகப்போகிறவர்கள் கடைசியில் ஒருமுறை தெளிவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவன் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பெரிய பாட்டுப் புத்தகத்தை வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் வைத்தார்கள். இருப்பது ஒரே புத்தகம். மூவரும் தோளோடு தோள் உரச அதைப் பார்த்துப் பாடினார்கள். கட்டிலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க முடியும். என் பகுதி எனக்கு மனப்பாடம். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினேன். என் ஓய்வு வந்தது. தலையணையை எடுத்தேன்.

பாட்டு முடிந்து வௌட்டர் திரும்பிப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். “கேட்டுக்கிட்டே போயிட்டான், புண்ணியவான்,” என்று அழுதான். நானும் அழுதேன். இன்னும் அழுகிறேன். அவன் கஞ்சி குடித்த கிண்ணத்தைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

மணிக்கட்டில் ஏது இந்த நகக்கீறல்கள் என்று கேட்டீர்கள். பாடும்போது தாளம் தவறாமலிருக்கப் பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டில் விரலால் தட்டுவது எங்கள் வழக்கம். சிறுவயதில் அவனுக்கு அதைப் பழக்கியதே நான்தான். அன்றும் அவன் தாளம்தான் போட்டான், ஐயா. கேட்கிறான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. போகப்போக வேகம் கூடியது. லீவன் ஒருநாளும் தாளத்தை ஓடவிட்டவனில்லை, காய்ச்சல் கெடுத்திருக்கும். நான்தான் நிதானமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் விரல்கள் நின்றன. என் இடம் வந்தது. சுருதி பிசகாமல் சேர்ந்துகொண்டேன்.