ஆன்டெனாவைத் திருப்பியவள்

கலர் டிவியைவிடக் கருப்பு வெள்ளை டிவிதான் கண்ணுக்கு நல்லது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. நான் கலர் டிவி பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, ஏட்டையா எழுதினால் என் பேச்சு அவர் பேச்சாகிவிடும். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நானே எழுதித் தருகிறேன். என் பெயர் வேலுத்தாய். ஊர் மம்சாபுரம். வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கிறேன். போன வருஷம், எண்பத்தொன்பது ஆனி மாதத்தில், கரண்டு அடித்துச் செத்துப்போன காளிராஜ் என் வீட்டுக்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். அவர் குடிக்க மாட்டார். என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. இதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு விவாதம் என்றால் உயிர். கொடைக்கானலில் டவர் வந்த வருஷம் தீபாவளி போனஸில் டிவி வாங்குவது என்று முடிவு செய்தார். மூன்று மாதம் அதே பேச்சு. எந்தக் கம்பெனி நல்லது, பெரிய பெட்டியா சின்னப் பெட்டியா, முன்னால் இழுத்து மூடுகிற கதவு வேண்டுமா வேண்டாமா. மில்லில் கூட வேலை பார்க்கும் ஞானதுரை அண்ணனிடம் கேட்டார். முடி வெட்டுகிறவரிடம் கேட்டார். டவுன் பஸ் கண்டக்டரிடம்கூடக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் ஒரு நாள் சொன்னேன், கிரைண்டர் வாங்கலாம் என்று. தினமும் நாலு படி மாவு கையால் ஆட்டுகிறவள் நான். வலது தோளைத் தூக்கித் தலை பின்ன முடியாது.

"கிரைண்டர்ல ஆட்டுனா மாவு சூடேறிப் போயிரும், ஏட்டி. இட்லி கல்லாட்டம் இருக்கும். கையால ஆட்டுறது ஒடம்புக்கு எம்புட்டு நல்லதுன்னு பத்திரிகையிலயே போட்டுருக்கான்" என்றார். ஞானதுரை அண்ணனும் தலையாட்டினார். இரண்டு பேரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆட்டுரல் பக்கம் உட்கார்ந்தவர்கள் இல்லை.

டிவி வந்தது. தெருவில் முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முப்பது பேர் உட்காருவார்கள். எல்லாருக்கும் தண்ணீர் கொடுப்பது நான், போன பிறகு பெருக்குவதும் நான். அதுகூடப் பரவாயில்லை. ஆன்டெனாதான்.

எங்கள் ஊரில் ஆன்டெனாவை வடக்கே திருப்பினால் கொடைக்கானல் வரும். கிழக்கே கடல் பக்கம் திருப்பினால் சிலோன் வரும். இவருக்கு இரண்டும் வேண்டும். டெல்லிக்காரன் இந்தியில் பேச ஆரம்பித்தால் சிலோன். அங்கே சிங்களத்தில் பேசினால் கொடைக்கானல். அவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் ஏணி வைத்து மாடியில் ஏறி இரும்புப் பைப்பைத் திருப்புவேன். "இன்னும் கொஞ்சம். ஏட்டி, தாண்டிட்ட. திரும்பி வா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். படத்தின் நல்லது கெட்டது அவருக்குத்தான் தெரியுமாம். அதனால் அவர் கீழே இருக்க வேண்டும். இதையும் ஒரு நியாயமாகவே எடுத்துச் சொன்னார். வெயிலிலும் ஏறினேன். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போதும் ஏறினேன்.

கல்யாணமாகி எட்டாம் வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போனது. நாலாம் மாதம். மாசியில் ஒரு நாள் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சிலோனில் விளம்பரங்கள் நன்றாக இருக்கும், அதைப் போய்த் திருப்பு என்றார். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"நாலு மாசத்துல என்ன இருக்கு? ஏறி எறங்குனாத்தான் நல்லது" என்றார்.

ஏறினேன். திருப்பினேன். இறங்கும்போது ஏணியின் ஈரத்தில் கால் வழுக்கியது. நான் தரையில் கிடக்கிறேன். உள்ளேயிருந்து அவர் கேட்டது இதுதான்.

"நல்லாத் தெரிஞ்ச படம் போயிருச்சே. என்னத்த ஆட்டுன?"

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பரிபூரணம் அக்காதான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் தனக்கு மில்லில் ஷிப்ட் என்றார். ஆண்பிள்ளை என்று நர்ஸ் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தேன். அன்று ஞாயிறு. வீடு நிறைய ஆள். எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்குப் படுக்க இடம் விட்டார்கள். படம் முடியும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இடைவேளையில் செய்தி வந்தது. அவர் குனிந்து, யாருக்கும் கேட்காமல், அன்பாகத்தான் கேட்டார்.

"ஒரு எட்டு மேல ஏறுதியா? புள்ளி புள்ளியா வருது."

ஏறினேன் ஐயா. எனக்கு இப்போதும் ஆறாதது அதுதான். அவர் கேட்டது இல்லை. நான் ஏறியது.

ஆனி மாதம் மலைக்காற்று அடித்ததில் பைப்பைப் பிடித்திருந்த கிளாம்பு தெறித்துவிட்டது. பைப்பை மாடியில் குழி உள்ள ஒரு கல்லில் நிறுத்திக் கயிற்றால் கட்டிவைத்தார்கள். ஒரு சனிக்கிழமை பகலில் தெருவில் பியூஸ் போட வந்த வயர்மேன் சின்னக்கருப்பன் அண்ணன் அதை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, இந்தப் பைப்ப இனிமே யாரும் தொடக் கூடாது. தெருப் பக்கமா ஒரு முழம் சாஞ்சாப் போதும், கரண்டுக் கம்பியில பட்டுரும். தொட்ட ஆளு அந்த எடத்துலயே முடிஞ்சிருவான். காளிராஜ்கிட்டச் சொல்லிரு. திங்கக்கெழம நான் வந்து லைன ஆஃப் பண்ணிட்டு எறக்கித் தாரேன்."

"சரிண்ணே, சொல்லிருதேன்" என்றேன்.

அவர் சைக்கிளில் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு ஆறு தோசை சுட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி இருக்கும். ஆட்கள் வருவதற்கு முன்னால் படத்தைச் சரி செய்ய வேண்டும் என்றார்.

"எனக்குத் தலை சுத்துது. இன்னைக்கு நீங்க ஏறுங்க. நான் படத்தப் பாத்துச் சொல்லுதேன்."

முனகிக்கொண்டேதான் ஏறினார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தது அன்றுதான் முதல் தடவை. உட்கார நல்ல வசதியான இடம்.

"தெரியுதா?" என்றார் மேலேயிருந்து.

தெரிந்தது. ஒரு பெண் நிகழ்ச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புடவைக் கரையில் இருந்த சின்னச் சின்னப் பூகூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அந்தப் பெட்டியில் படம் வந்ததே கிடையாது.

"இல்ல" என்றேன்.

"இப்ப?"

"தெருப் பக்கமாத் தள்ளுங்க."

"தள்ள வராதுட்டி. பைப்பத் தூக்கித்தான் வைக்கணும்."

"தூக்கி வைங்க."

கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பைப் கல்லிலிருந்து கிளம்பும் சத்தமும் கேட்டது. டிவியில் அந்தப் பெண் சிரித்தாள்.

"இப்ப?"

"இன்னும் செத்தத் தள்ளுங்க."

டிவி அணைந்தது. மின்விசிறி மெதுவாக நின்றது. தெருவில் பிள்ளைகள் கரண்டு போச்சு என்று கத்தினார்கள். பரிபூரணம் அக்கா மாடியைப் பார்த்துக் கூப்பாடு போடும்வரை நான் கட்டிலிலேயே இருந்தேன். எனக்கு எழுந்திருக்க மனசில்லை. தோள் வலி அந்த நேரத்தில் இல்லை.

அப்புறம் விசாரணை வந்தது. ஆபத்தான பைப்பைப் பார்த்தும் சொல்லாமல் போனது வயர்மேன் தப்பு என்று பேச்சு வந்தது. அவர், அந்தம்மாவிடம் சொன்னேனே என்றார். என்னைக் கேட்டார்கள். "யாரும் எங்கிட்டச் சொல்லல" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இந்தத் தையில் அவர் சம்சாரம் இருளம்மாள் என் வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை.

"சொன்னேன் சொன்னேன்னு நாள் பூரா சொவரப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருக்காரு. எங்க சொந்தக்காரவியளே நம்ப மாட்டேங்காவ. சாமி சத்தியமாக் கேக்கேன் தாயி. சொன்னாரா?"

அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். "இல்லக்கா."

என்னிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை. சின்னக்கருப்பன் அண்ணனுக்குத் திராணி இருக்கும் என்று நினைத்தேன். ஆண்பிள்ளை, கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர், ஒரு பழியைத் தாங்க மாட்டாரா. நான் எவ்வளவு தாங்கினேன்.

போன வாரம் பிளவக்கல் அணையில் அவரை எடுத்தார்கள். கரையில் செருப்பு இருந்ததாம்.

அதனால்தான் வந்தேன். அவர் பெயரில் இருக்கும் பழி போக வேண்டும். அவர் என்னிடம் சொன்னார். தெளிவாகச் சொன்னார். இருளம்மாளைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள், அவள் மனசு ஆறும். படம் நன்றாகத் தெரிந்தபோது தெரியவில்லை என்று சொல்லி என் வீட்டுக்காரரைக் கொன்றது நான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சின்னக்கருப்பன் அண்ணன் தானாக விழுந்தது. அதையும் இதையும் சேர்க்க வேண்டாம். கேஸ் எழுதும்போது, ஐயா, நான் கொன்றது ஒருத்தரை என்று மட்டும் எழுதுங்கள்.