பத்து பிரேம் போதும்

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்; ஒருத்தி மணிமங்கலம், மற்றவள் பேச்சில் தெற்கத்தி வாடை. வெயில் அப்போதுதான் கன்டெய்னர் லாரிகளின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

“நீ அடி வாங்கித் தோக்கல, அடிச்சித்தான் தோத்த” என்றாள் மணிமங்கலத்துக்காரி.

ஹாஸ்டல் டிவியில் ஆடும் சண்டை கேமைப் பற்றிய பேச்சு அது.

“பெரிய உதையா வுடுற. கால் திரும்பி வர பதினாலு பிரேம் ஆவுது. அதுக்குள்ள லைன் லீடர் அக்கா குத்திடுது.”

“பிரேம்னா? நம்ம வண்டி பிரேமா?” என்றாள் தெற்கத்திக்காரி.

“இன்னாடீ நீ. கேம்ல ஒரு செகண்ட அறுபதா வெட்டினா, அதுல ஒரு துண்டு. கால் வெளிய கீற நேரத்துல உன்னால தடுக்க முடியாது.”

“ப்ரெஸ் மிஷின் கீழ வந்துட்டா மேல போற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாதுல்லா, அது மாதிரியா?”

“அதேதான்.”

“அந்தக்காவும் பெரிய உதைதான விடுதா. நான் தடுத்துட்டு நின்னு, உடனே சின்னதா ஒரு குத்து விட்டா?”

“அதுக்குப் பத்து பிரேம்தான்.”

“அப்ப போதும்லா. மூணு ஞாயிறா ஹாஸ்டலே பாக்கத் தோத்தாச்சு. இந்த ஞாயிறு அந்தக்கா நல்லா உதைக்கட்டும்.”

ஆட்டோ நின்றது. டிரைவர் திரும்பாமலே கேட்டார்: “இறங்க எத்தினி பிரேம்மா எடுப்பீங்க?”

“பத்துண்ணே” என்று தெற்கத்திக்காரி சொன்னபோது, அவள் ஏற்கெனவே தரையில் நின்றிருந்தாள்.