இனிமே எனக்கும் கடன் குடுப்பாங்க

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் கிளம்பியதும், முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "அண்ணி, இனிமே எனக்கும் கடன் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கடன் தீந்துச்சின்னு சிரிக்கிறவள பாத்திருக்கேன். கெடைக்கும்னு சிரிக்கிறவ நீ ஒருத்திதான்டி."

"என்னை செங்கல் சூளையில கொத்தடிமையா அடைச்சி வச்சிக்கினு, என் ஆதார் கார்ட காட்டி என் பேர்ல லோன் வாங்கித் தின்னானே அந்த ஏஜென்ட்டு. அத நான் கட்டலன்னு பேங்குல காட்டிச்சி. தையல் மிஷின் லோனுக்குப் போனா, ஸ்கோர் சரியில்லன்னு வாசல்லயே திருப்பினாங்க."

"இப்ப?"

"என்னை மீட்டப்ப சர்க்கார்ல குடுத்த விடுதலைச் சான்றிதழ வச்சி எழுதிப் போட்டோம்ல. அந்தக் கடனெல்லாம் என் பேர்ல இருந்து எடுத்துட்டாங்க. மிஷினுக்கு லோன் தர்றேன்னு சொல்லி, மேனேஜரே என்னை உக்காருங்கன்னார்."

"உக்காந்தியா?"

"பயத்துல நின்னுக்கினே இருந்தேன். டீ வந்துச்சி, அதையும் நின்னுக்கினே குடிச்சேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

மயிலம் ரோடு தாண்டும்போது அந்தப் பெண்ணின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது. "மேடம், உங்களுக்கு பர்சனல் லோன் ஆஃபர் இருக்கு."

இந்த மாதிரி போனை நான் உடனே வைத்துவிடுவேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப வேணாம்மா" என்றாள். வைக்கப் போனவள், மறுபடியும் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆனா நாளைக்கும் கேளும்மா."